மரணபயத்தில் இருப்பவருக்கு இந்து சமயம் என்ன ஆறுதல் தருகிறது?

மட்டக்களப்பில் படுக்கையில் இருக்கும் அம்மம்மாவுக்குச் சாவுப் பயம் பிடித்திருக்கிறது, என்ன சொல்லித் தேற்றலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

நைந்த ஆடையைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல ஆன்மா உடலை மாற்றுகிறது என்ற கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். மூச்சுத் திணறுகிறவரிடம் அந்தத் தத்துவம் எடுபடாது என்பது என் எண்ணம். எட்டாம் அத்தியாயம் கூடுதலாக உதவும். இறுதிக் கணத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம். வாழ்நாளெல்லாம் பழகிய நினைவுதான் அப்போது வரும் என்கிறது அது. நம் வீடுகளில் கடைசி நேரத்தில் திருநீறு பூசிச் சிவபுராணம் ஓதுவதன் நியாயமும் இதுவே. அவருக்குப் பழக்கமான பதிகத்தையே பாடுங்கள். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம்.

‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்ற அப்பரின் துணிவும், மார்க்கண்டேயருக்காகச் சிவன் எமனையே உதைத்த திருக்கடவூர்க் கதையும் அம்மம்மாவுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

பல முதியவர்களுக்குச் சாவைவிட, பிள்ளைகள் மறந்துவிடுவார்களோ என்பதே பெரிய பயம். நம் வழக்கத்தில் இறந்த தந்தையை நினைத்து ஆடி அமாவாசை, தாயை நினைத்துச் சித்திரா பௌர்ணமி விரதம் உண்டு. ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்திலும் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் கடலிலும் திரளும் கூட்டத்தை அவரே பார்த்திருப்பார்.

அவர் சாவைப் பற்றிப் பேச வந்தால் ‘அபசகுனம்’ என்று வாயை அடைக்காதீர்கள். வலி இருந்தால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள், தேவாரம் அதற்குப் பிறகு.