கிராமத்தில் நான்கு சீட்டு, நகரத்தில் ஒரே வாக்கு

கேள்வி: 2019 டிசம்பரில், பென்னாகரம் அருகே எங்கள் கிராமத்தில் நான்கு வாக்குச்சீட்டுகள் தந்தார்கள். பிறகு தருமபுரி நகரத்துக்குக் குடிவந்து 2022 பிப்ரவரியில் வாக்களித்தபோது, இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதோடு முடிந்துவிட்டது. நகர்மன்றத் தலைவரை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாதா? குடிநீர் வராவிட்டால் யாரைக் கேட்பது?
(வாசகர், தருமபுரி)

பதில்: கிராமத்தில் வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கும், இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கும், பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கும், மஞ்சள் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கும் உரியவை. நகரத்தில் இந்த அடுக்குகள் இல்லை. தருமபுரி நகராட்சியின் 33 வார்டுகளிலும் மக்கள் ஆளுக்கொரு வாக்கால் தங்கள் வார்டு உறுப்பினரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உறுப்பினர்கள் 2022 மார்ச் 4 அன்று கூடித் தங்களுள் ஒருவரைத் தலைவராக்கினார்கள். நகராட்சித் தலைவரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை அரசமைப்புச் சட்டம் மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டிருப்பதால், தமிழ்நாட்டில் இம்முறை அடிக்கடி மாறியிருக்கிறது: 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் மக்களே நேரடியாகத் தலைவருக்கு வாக்களித்தார்கள், 2006இலும் 2022இலும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

எந்த முறை சிறந்தது என்ற விவாதத்தைவிட, தேர்தலே நடக்காமல் போன ஆண்டுகள்தான் எனக்குப் பெரிய வருத்தம். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நம் நகராட்சிகள், 2022 வரை தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. அத்தனை ஆண்டுகளும் தெருவிளக்குக்கோ சாக்கடைக்கோ உரிமையோடு கேட்பதற்கு வார்டில் ஒருவரும் இல்லை.

குடிநீருக்கு வருவோம். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரை நகரம் வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். அதைத் தொட்டியில் ஏற்றித் தெருக்களுக்குப் பகிர்ந்தளிப்பது நகராட்சி. ஆகவே, ஊருக்கே நீர் வரவில்லையா, உங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லையா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு மட்டும் என்றால், ஆணையாளருக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு, நகலை வார்டு உறுப்பினரிடம் தாருங்கள். பணியாளர்களை ஏவும் நிர்வாக அதிகாரம் ஆணையாளருடையது. உறுப்பினர் தம் விருப்பப்படி ஒரு குழாயைக்கூடப் போட உத்தரவிட முடியாது. ஆனால் மன்றக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கவும், புதிய குழாய்க்கான செலவைத் தீர்மானமாகக் கொண்டுவர வற்புறுத்தவும் அவரால் முடியும். “என் கையில் ஒன்றுமில்லை” என்று அவர் சொன்னால், அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புவீர்களா என்று கேளுங்கள். நகராட்சியில் நீங்கள் வாக்களித்து அனுப்பிய ஒரே ஆள் அவர்தான்.

கேள்வி: எனக்கு 22 வயது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படவில்லை. நான் போட்டியிடலாமா?
(வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: தாராளமாகப் போட்டியிடலாம். சட்டமன்றத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் மற்றவை ஆண்களுக்கே உரியவை என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு, பொது வார்டு இருபாலருக்கும் பொதுவானது. உங்கள் பெயர் கிருஷ்ணகிரி நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். உங்களை முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும்.