கிருபைக்குள் வந்தவர் கடனைக் கொடுக்க வேண்டாமா?

கேள்வி: எங்கள் சபையில் ஒரு சகோதரர், சபையிலேயே உள்ள ஒரு விதவைத் தாயாரிடம் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தரவில்லை. கேட்டால், "நான் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவன் அல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவன். என் பாவமெல்லாம் சிலுவையிலேயே தீர்ந்தது" என்கிறார். ஆராதனையில் அவர்தான் முன்வரிசை. நானோ வாரந்தவறாமல் உபவாசிக்கிறேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தில் ஒரு காசு குறைத்ததில்லை. அவருக்கும் எனக்கும் ஒரே இரட்சிப்பு என்றால் நான் செய்ததெல்லாம் வீணா? "கிரியையும் வேண்டும்" என்று என் கத்தோலிக்க நண்பர் சொல்வதுதான் சரியோ?

பதில்: அந்தச் சகோதரர் சொல்வது, அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தில் உள்ள ரோமர் 6:14. நியாயப்பிரமாணம் என்பது மோசேயின் மூலம் தேவன் கொடுத்த சட்டம். அதில் பாதியைத்தான் அவர் சொல்கிறார். முழு வசனமும் இதுதான்: "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." கிருபைக்குள் வந்தவனைப் பாவம் இனி ஆளாது என்று சொல்ல வந்த வசனம் இது. இதைத் திருப்பிப்போட ஆள் வரும் என்று பவுலுக்கே தெரிந்திருக்கிறது. அடுத்த வசனத்திலேயே கேட்டுவிடுகிறார்: கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் பாவஞ்செய்யலாமா? "கூடாதே" என்று அவரே பதிலும் சொல்கிறார். அதே நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்புகூருகிற கடனைத் தவிர வேறெதிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

எழுதியதோடு நிற்கவில்லை. பிலேமோன் நிருபத்தை எடுத்துப் பாருங்கள், மொத்தமே 25 வசனம். ஒநேசிமு என்ற அடிமை தன் எஜமானான பிலேமோனைப் பிரிந்து வந்த இடத்தில், சிறையிலிருந்த பவுலைச் சந்தித்து விசுவாசியானவன். அவனைத் திருப்பி அனுப்பும்போது, "இவன் இப்போது சகோதரன், பழைய கணக்கையெல்லாம் மறந்துவிடும்" என்று பவுல் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்கிறார். "பவுலாகிய நானே இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று பொறுப்பும் ஏற்கிறார். வேதாகமத்தில் கிருபையைப் பற்றி அவரளவுக்கு எழுதியவர் யாரும் இல்லை. அவருக்கே ஒருவன் மனந்திரும்பியதால் அடுத்தவருக்குச் சேர வேண்டிய பணம் கழிந்துபோகவில்லை. கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று சொல்லி அந்தத் தாயாரின் பணத்தை வைத்துக்கொள்ள உங்கள் சபைச் சகோதரருக்கு எந்த உரிமையும் இல்லை.

ஊரார் பாவி என்று ஒதுக்கிய, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பாருங்கள். "உன் வீட்டில் தங்க வேண்டும்" என்று இயேசு சொன்னபோது எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. ஊரார் முறுமுறுத்ததே அதனால்தான். ஆனால் சகேயு தானாகவே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிச் செலுத்துவதாகவும் சொல்கிறான். கிருபை முதலில் வீட்டுக்குள் வந்தது, பணம் பிறகு வெளியே போனது. இந்த வரிசையை மாற்றவும் கூடாது, முதல் பாதியோடு நிறுத்தவும் கூடாது.

சரி, இனி உங்கள் விஷயம். உங்களுக்கு மனவருத்தம் வரலாம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வாரம் தவறாத உபவாசம், குறையாத தசமபாகம், பக்கத்திலிருப்பவனைக் காட்டி "இவனும் நானும் ஒன்றா?" என்ற கேள்வி, இந்த மூன்றும் லூக்கா 18இல் ஒரே ஜெபத்தில் வருகின்றன. அந்த ஜெபத்தைச் செய்த பரிசேயன், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன், பொய் சொன்னதாக இயேசு சொல்லவில்லை. அவன் சொன்னபடியே செய்திருப்பான். ஆனாலும் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன், "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரன்தான், அதாவது வரி வசூலிப்பவன்தான். நீங்கள் பரிசேயர் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியம் அவனுடையது, அதை மட்டும் கவனியுங்கள் என்கிறேன்.

"வீணா?" என்று கேட்டீர்கள். கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று 1 கொரிந்தியர் 15:58இல் தெளிவாக இருக்கிறது. ஆனால் விருதா இல்லை என்பது வேறு, விலை என்பது வேறு. உபவாசத்தையும் தசமபாகத்தையும் இரட்சிப்புக்குக் கட்டிய தவணை என்று நினைத்தால், கட்டாதவன் உள்ளே வரும்போது எரிச்சல்தான் வரும். எபேசியர் 2:8, 9 வசனங்களைப் பல இடங்களில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம்: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல. அதோடு நிறுத்திவிடுவது பெரிய குறை. பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. எட்டும் ஒன்பதும் உங்களுக்கு, பத்து அந்தச் சகோதரருக்கு என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் சேர்த்துப் படிப்பது இருவருக்குமே நல்லது.

அப்படியானால் யாக்கோபு, "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறாரே, அது பவுலுக்கு விரோதம் இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்று போதித்த சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தருக்கே யாக்கோபின் நிருபம் இடித்தது. 1522இல் வந்த தம் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்று எழுதினார், பின்னாளைய பதிப்புகளில் அந்த வரி இல்லை. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15ஐ: ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. அவன் விருத்தசேதனம் பெறுவது 17ஆம் அதிகாரத்தில்தான். ஆகவே விருத்தசேதனம் செய்தால்தான் தேவன் ஏற்பார் என்று புறஜாதியாரை நெருக்கியவர்களுக்கு அது சரியான பதில். யாக்கோபு அதே 15ஆம் அதிகாரத்தையும் சொல்லி, 22ஐயும் சேர்க்கிறார்: தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தபோது அந்த விசுவாசம் பூரணப்பட்டது. தேவன் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று பவுல் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டவனின் விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்று யாக்கோபு பார்க்கிறார்.

யாக்கோபு இதற்குச் சொல்லும் உதாரணத்தை நன்றாகக் கவனியுங்கள். உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத ஒரு சகோதரனோ சகோதரியோ முன்னால் நிற்கும்போது, "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு, வேண்டியதைக் கொடுக்காமல் அனுப்பினால் என்ன பிரயோஜனம்? உங்கள் கடிதத்தில் அந்தத் தாயாருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. மீதியெல்லாம் அவரும் நீங்களும், அவருடைய இரட்சிப்பும் உங்களுடைய இரட்சிப்பும். பணம் போன அந்த அம்மா இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அதில் எங்குமே இல்லை. எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் வலித்தது அதுதான்.

கத்தோலிக்க நண்பர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கர்கள் கிரியையால் பரலோகத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்று நம்மில் பலர் பேசுவது நியாயமில்லை. 1547இல் கத்தோலிக்க ஆயர்களின் கூட்டமான திரெந்து பொதுச்சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றி வெளியிட்ட விதிகளில் முதல் விதியே, இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் சொந்தச் செயல்களால் ஒருவன் நீதிமானாகலாம் என்பவரைக் கண்டிக்கிறது. 'விசுவாசத்தால் மட்டும்' என்ற போதனையையும் அதே சங்கம் கண்டித்தது. அருளுக்குள் வந்தபின் செய்யும் நற்செயல்கள் நீதியை வளர்க்கின்றனவா, அவற்றுக்குத் தகுதிப்பேறு, அதாவது தேவனிடம் பலன் பெறும் தகுதி, உண்டா என்பதில் உண்மையான வேறுபாடு இருந்தது, இன்னும் முழுவதும் தீரவில்லை. ஆனாலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார், நற்கிரியைகளுக்கு நம்மை அழைப்பதும் அவர்தான் என்று இரு தரப்பும் சேர்ந்தே சொல்கின்றன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். ஆகவே நண்பரோடு வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

அந்தச் சகோதரர் இரட்சிக்கப்பட்டவரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நானும் ஆள் இல்லை, நீங்களும் இல்லை. கடனைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டு, கடமையும் உண்டு. வழி மத்தேயு 18இல் இருக்கிறது. முதலில் நீங்கள் தனியாகப் போய், ரோமர் 6:14ஐ முழுவதும் வாசித்துக்காட்டிப் பேசுங்கள். கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் மசியாவிட்டால் போதகரிடமும் மூப்பரிடமும் கொண்டுபோய்ச் சபையின் முன் வையுங்கள். முன்வரிசையில் உட்காருகிறவர் என்பதற்காகச் சபை வாய்மூடி இருக்கக் கூடாது. இதெல்லாம் முடிய நாளாகும். அதற்குள் இந்த வாரமே அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போய், என்ன தேவை என்று விசாரித்து, உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டு வாருங்கள்.