கோடு போடுவதற்கு முன்னால் ஒரு சந்தை போடுங்கள்

கேள்வி: எம்பிஏ முதலாண்டுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். தேவை, அளிப்புக் கோடுகளைப் போட ஆரம்பித்ததுமே பாதிப் பேர் போனில் மூழ்கிவிடுகிறார்கள். எனக்கு நகைச்சுவையாகப் பேசவும் வராது. என்ன செய்யலாம்?

நகைச்சுவையை விடுங்கள், அது பத்து நிமிஷம்கூடத் தாங்காது. உங்கள் மாணவர்கள் நாளைக்கு விலை நிர்ணயிக்கப் போகிறவர்கள், அதை இன்றைக்கே செய்ய விட்டால் தானாக நிமிர்ந்து உட்காருவார்கள்.

இருபது பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். வாங்குகிற பத்துப் பேருக்கு 100, 90, 80 என்று 10 வரை. அவரவர் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. விற்கிற பத்துப் பேருக்கும் அதே எண்கள்தான், ஆனால் அது அடக்கவிலை, அதற்குக் கீழே விற்கக் கூடாது. ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு பொருள். சீட்டை யாருக்கும் காட்டாமல், விலையை மட்டும் உரக்கக் கூவ வேண்டும். படிந்த விலையை உடனே பலகையில் எழுதுங்கள். முதல் சுற்றில் 35க்கும் போகும், 75க்கும் போகும். அதே சீட்டுகளோடு மூன்று நான்கு சுற்று ஓடவிட்டால் பெரும்பாலும் 50க்கும் 60க்கும் நடுவில் வந்து நின்றுவிடும், ஏறக்குறைய ஐந்து வியாபாரம். இப்போது சீட்டுகளை வாங்கி, வரிசைப்படுத்திக் கோடு போடுங்கள், இரண்டும் அங்கேதான் வெட்டும். இதை யாரும் போனில் தேட மாட்டார்கள், ஏனென்றால் அந்த விலையைக் கொண்டுவந்ததே அவர்கள்தான்.

இது புது வித்தை இல்லை. ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியர் சேம்பர்லின் தன் மாணவர்களை வைத்து நடத்தி 1948இல் எழுதினார், ஆனால் அவர் வகுப்பில் விலை சமநிலைக்கு, அதாவது இரண்டு கோடும் வெட்டும் இடத்துக்கு, வரவில்லை. ஆளாளுக்குத் தனியாகப் பேரம் பேசினார்கள், அதுவும் ஒரே சுற்று. பிறகு அவரிடம் மாணவராக அதே ஆட்டத்தில் கலந்துகொண்ட வெர்னன் ஸ்மித் பின்னாளில் எல்லோரும் கேட்கக் கூவவிட்டு, பல சுற்று நடத்திப் பார்த்தார், விலை படிந்தது. 2002இல் நோபல் பரிசு. ஆக, கூவுவதையும் சுற்றுகளையும் மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

அப்புறம்தான் சுவாரசியமே. விற்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் 20 வரி கட்டணும் என்று அறிவித்துவிட்டு, ஆட்டத்துக்கு முன்னாலேயே 'சுமை யார் தலையில்?' என்று கை தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தலையில்தான் என்று நிறையப் பேர் தூக்குவார்கள். கணக்குப்படி வியாபாரம் நான்காகக் குறையும், விலை சுமார் 10 கூடி 60, 70க்குள் ஏறும், அதாவது பாதிச் சுமை வாங்குபவருக்கு. அடுத்து அதே வரியை வாங்குபவர் மேல் போடுங்கள். விலை 40, 50க்கு இறங்கும், வரியைச் சேர்த்தால் அவர் கொடுப்பது பழையபடி 60, 70தான். வரியை யார் கட்டினாலும் சுமை மாறாது என்பதைப் பலகையில் நிரூபிக்க நான் நிறையச் சாக்பீஸ் செலவழித்திருக்கிறேன். இதில் அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள்.

வகுப்பு பெரிதென்றால் இரண்டு மூன்று பேருக்கு ஒரு சீட்டு, என்ன விலை சொல்வது என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் நடக்கும். ஆட்டம் நடக்கும்போது நீங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. பாதி நேரத்தை ஆட்டம் முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேச வையுங்கள், அதையும் 100 அடக்கவிலைச் சீட்டு வைத்துக்கொண்டு ஒரு சுற்றில்கூட விற்க முடியாமல் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து தொடங்குங்கள்: 'செலவைக் குறைப்பீர்களா, தொழிலை மூடுவீர்களா?'