சுழல் என்ஜின் விமானத்தில் ஆயில் கூலரை எப்படிப் பொருத்த வேண்டும்?

ஆயில் கூலர் என்பது, என்ஜினில் சூடான எண்ணெயை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டுக் காற்றால் ஆறவைக்கும் சாதனம். மாஸ்டா 13பி போன்ற வாங்கெல் (Wankel) வகைச் சுழல் என்ஜினில், பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டரின் உட்புறத்தை எண்ணெய்தான் குளிர்விக்கிறது. வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் வழியே போவதால், வீட்டிலேயே விமானம் கட்டுபவர் கூலரைக் கடைசியில் மிஞ்சிய மூலையில் செருகிவிட முடியாது.

செங்கோட்டையில் ஆடிக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சீறி வரும்போதும், முன் சன்னலைத் திறந்து கொல்லைக் கதவைச் சாத்தியிருந்தால் கொடியில் கிடக்கும் துண்டுகூட அசையாது. கூலரும் அப்படியே: முன்னே மெல்ல விரியும் காற்றுக்குழல், ஓரங்களில் கசிவில்லாத அடைப்பு, பின்னே அழுத்தம் குறைந்த இடத்தில் வெளிவாய் ஆகிய மூன்றும் வேண்டும். பலர் கோட்டைவிடுவது வெளிவாயில்தான் என்பது என் எண்ணம்.

முகப்புத் துளையை மட்டும் பெரிதாக்கினால் எண்ணெய் கூடுதலாக ஆறும் என்பது தவறு. போக வழியில்லாத காற்று விளிம்பைச் சுற்றி வழிந்து இழுவையை, அதாவது விமானத்தைப் பின்னிழுக்கும் காற்றுத் தடையைத்தான் கூட்டும்.