லேபிள் ஒட்டினீர்களா? – நெட்வொர்க் கேள்வி பதில்

பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தேன். நெட்வொர்க் வேலைக்கு வர முடியுமா? பி.இ. கட்டாயமா?
– வாசகி, தேனி

தாராளமாக வரலாம். பி.இ. கட்டாயமில்லை. நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் சிஸ்கோ கம்பெனி நடத்துகிற சான்றிதழ்த் தேர்வுதான் சி.சி.என்.ஏ. அதை எழுத சிஸ்கோ எந்தப் பட்டத்தையும் கேட்பதில்லை. ஆனால் பெரிய கம்பெனிகளில் எச்.ஆர். கேட்பார்கள். பி.சி.ஏ., பி.எஸ்ஸி., பாலிடெக்னிக் டிப்ளமோ என்று ஏதாவது ஒன்றை முடித்துவிடுங்கள். படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். இரண்டாம் வருஷத்திலேயே தொடங்குங்கள்.

சி.சி.என்.ஏ.வில் ரவுட்டிங், வயர்லெஸ், வாய்ஸ் என்று பல பிரிவுகள் இருக்கிறதாமே, எதை எடுக்கலாம்? ஃபீஸ் எவ்வளவு?
– வாசகர், சேலம்

அந்தப் பிரிவுகளையெல்லாம் 2020 பிப்ரவரிக்குள்ளேயே எடுத்துவிட்டு, 200-301 என்ற ஒரே தேர்வாக ஆக்கிவிட்டார்கள். இன்னமும் பழைய நோட்டீஸைக் காட்டி அட்மிஷன் போடுகிற சென்டர் உங்களுக்கு என்ன சொல்லித்தரப் போகிறது? தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரியோடு ஏறக்குறைய 30,000 ரூபாய் வரும். தேர்வு 2 மணி நேரம். சான்றிதழ் 3 வருஷம் செல்லும். எங்கேயும் பணம் கட்டுவதற்கு முன்னால் சிஸ்கோவின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆபீஸில் நெட் ஸ்லோவாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர், ஊர் இல்லை

"உடம்பு சரியில்லை" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் எந்த டாக்டரும் மருந்து தர மாட்டார். எல்லோருக்கும் ஸ்லோவா, ஒருவருக்கு மட்டுமா? கேபிளிலா, வைஃபையிலா? நாள் முழுக்கவா, காலை 11 மணிக்கு மட்டுமா? பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) கேட்வேக்கு, அதாவது ஆபீஸிலிருந்து வெளியே போகும் வாசலான ரவுட்டருக்கு எவ்வளவு, வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு எவ்வளவு? இந்த நான்கையும் குறித்து அனுப்புங்கள், சொல்கிறேன்.

சப்நெட்டிங் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. ஃபார்முலா மனப்பாடம் செய்தும் மறந்துபோகிறது.
– வாசகர், நாகர்கோவில்

ஃபார்முலாவை விடுங்கள். ஒரு பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பதுதான் சப்நெட்டிங். 192.168.10.0/24 என்பதை 256 பங்குள்ள ஒரு நிலமாக நினைத்துக்கொள்ளுங்கள். /26 போட்டால் 64, 64 ஆக நான்கு மனை. அவை 0, 64, 128, 192 என்ற எண்களில் தொடங்கும். ஒவ்வொரு மனையிலும் முதல் எண் மனையின் அடையாளம், கடைசி எண் பிராட்காஸ்ட் (மனையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்ப), நடுவில் இருக்கும் 62 எண்கள்தான் மெஷின்களுக்கு. இப்போது 192.168.10.70 எந்த மனையில் இருக்கிறது? 64-ல் தொடங்கி 127-ல் முடியும் இரண்டாவது மனை. இதே மாதிரி தினம் பத்துக் கணக்கு, பேனாவும் பேப்பருமாக மூன்று வாரம் போடுங்கள். கால்குலேட்டரைத் தொடாதீர்கள்.

நண்பர்கள் டம்ப்ஸ் படித்து ஒரே வாரத்தில் பாஸ் செய்துவிட்டார்கள். நானும் அப்படியே எழுதலாமா?
– வாசகர், கோவை

கூடாது. டம்ப்ஸ் என்பது திருட்டுத்தனமாக வெளியே வந்த தேர்வுக் கேள்வி பதில். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும். பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் தாங்காது. ஒரு இன்டர்ஃபேஸ் (போர்ட்) 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்று காட்டுகிறது, என்ன செய்வீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். லேபில் உட்கார்ந்தவருக்கு அது முதல் வாரப் பாடம். டம்ப்ஸ் படித்தவர் கேபிளை மாற்றுவேன் என்கிறார். யாரோ கட்டளை கொடுத்து மூடியிருக்கிறார்கள், திறக்க 'நோ ஷட்டவுன்' கட்டளை கொடுப்பேன் என்று சொன்னால் தேறிவிட்டீர்கள். அதற்கு முன், யாராவது காரணத்தோடு மூடி வைத்திருக்கிறார்களா என்று அந்த போர்ட்டுக்கு எழுதி வைத்த டிஸ்கிரிப்ஷனைப் பார்ப்பேன் என்று சொன்னால் அன்றைக்கே ஆர்டர் கொடுக்கச் சொல்வேன்.

120 பேர் இருக்கும் கம்பெனியில் நான் ஒருவன்தான் அட்மின். டயகிராம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் மேனேஜர். "எழுதிக் கொடுத்தால் உன்னை அனுப்பிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆளைப் போடுவார்கள், எல்லாம் உன் தலையிலேயே இருக்கட்டும்" என்கிறார் என் சீனியர். என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

உங்கள் சீனியர் சொல்வது தப்பு. இந்தப் புத்தியால் ராத்திரி ராத்திரியாக அவதிப்பட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து இரவு எட்டரைக்கு போன் வந்தது. மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது, காலைக்குள் ஷிப்பிங் டாக்குமென்ட் போயாக வேண்டும். அட்மின் இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. ரேக்கைத் திறந்தேன். எல்லாக் கேபிளும் வந்து சேரும் சுவிட்சில் 48 போர்ட், அத்தனையும் நீலக் கேபிள், ஒன்றில்கூட லேபிள் கிடையாது. எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லூப், அதாவது அனுப்பிய தகவல் முடிவில்லாமல் வட்டமாகச் சுற்றுவது. எந்த போர்ட் என்று உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் சுவிட்சின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. ரீபூட் செய்து பாஸ்வேர்டை மீட்க வழி உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக்கை (சுவிட்சின் அமைப்புகளை) பழைய அட்மின் சேவ் செய்தாரா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? செய்யாமல் விட்டிருந்தால், ரீபூட் ஆன நிமிஷத்தில் இருந்ததும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, காத்திருந்து, திரும்பச் செருகிக்கொண்டே வந்தேன். 31-வது போர்ட்டைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின.

அந்தக் கேபிளின் மறுமுனை எங்கே போகிறது? போர்ட் சார்ட் இல்லை. கேபிளின் மறுமுனையைத் தேட உதவும் டோனர் கருவியை மாட்டிவிட்டு மாடி மாடியாக நடந்தேன். ஒன்றரை மணிக்கு கட்டிங் செக்ஷனில் ஒரு மேஜைக்கடியில், பஞ்சுத் தூசி மூடிய எட்டு போர்ட் சுவிட்ச் கிடைத்தது. ஒரே பேட்ச் கார்டின் (குட்டைக் கேபிளின்) இரண்டு முனையையும் அதே சுவிட்சில் செருகியிருந்தார்கள். கூட்டிப் பெருக்கும்போது கழன்று கிடந்த முனையை யாரோ நல்லெண்ணத்தில் மாட்டியிருக்கிறார்கள். பெரிய சுவிட்சில் பி.பி.டி.யு. கார்டு என்ற பாதுகாப்புக் கட்டளை ஒரு வரி போட்டிருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு போர்ட் மட்டும் தானாக மூடிக்கொண்டிருக்கும். ஒரு லேபிள் இருந்திருந்தால் நேராக அந்த மேஜைக்கே போயிருப்பேன். ஐந்து மணி நேரம், அத்தனை பேரின் தூக்கம்.

எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் டயகிராம், போர்ட் சார்ட், வீலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) மற்றும் ஐ.பி. பட்டியல், லைன் கொடுத்த கம்பெனியின் சர்க்யூட் எண், லைசென்ஸ் முடியும் தேதிகள். கான்ஃபிக் பேக்கப்பை வாரம் ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டை எக்செல்லில் போட்டு மெயிலில் அனுப்பாதீர்கள். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ் சாஃப்ட்வேர் இலவசம், அதில் போட்டு, அதன் சாவியை உறையிலிட்டு முதலாளியின் லாக்கரில் வைக்கச் சொல்லுங்கள். அந்த பாஸ்வேர்டு கம்பெனியின் சொத்து, உங்களுடையது இல்லை.

வேலை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனால் எதையும் எழுதி வைக்காத ஆளை நிர்வாகம் பயத்தோடுதான் வைத்திருக்கும், நம்பிக்கையோடு இல்லை. அவரால் தங்கை கல்யாணத்துக்குக்கூட போனை அணைத்துவிட்டுப் போக முடியாது. வேறு வேலைக்கு உயர்த்தலாம் என்றாலும் அந்த நாற்காலியிலிருந்து அவரை எடுக்க முடியாது. நான் பார்த்தவரை மேலே போனவர்கள் எல்லோரும் எழுதி வைத்தவர்கள்தான்.

ரேக்கில் ஏற வேண்டும், கேபிள் இழுக்க வேண்டும், பெண்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்கிறார்கள் வீட்டில்.
– வாசகி, மதுரை

மேலே சொன்ன லூப்பைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ என்ற முறை இருக்கிறது. 1985-ல் அதை உருவாக்கியவர் ராடியா பெர்ல்மன், ஒரு பெண். வீட்டில் இதைச் சொல்லுங்கள். கேபிள் இழுக்கக் கூலிக்கு ஆள் வருவார்கள், எங்கே இழுக்க வேண்டும் என்று சொல்லும் ஆள்தான் குறைவு. வேலையில் சேரும்போது கேட்க வேண்டியது: இரவு ஷிஃப்ட்டுக்கு கேப் உண்டா, வாசல் வரை விடுவார்களா? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

சென்னையில் என்.ஓ.சி.யில் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) எல்1, அதாவது முதல் நிலை. எட்டு மாதமாக ராத்திரி ஷிஃப்ட், டிக்கெட் திறப்பதும் மேலே தள்ளுவதும்தான் வேலை. விட்டுவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

கையில் அடுத்த ஆர்டர் இல்லாமல் விடாதீர்கள். நீங்கள் தள்ளிய டிக்கெட்டை எல்2 எப்படி மூடினார் என்று மறுநாள் திறந்து படிக்கிறீர்களா? படித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நூறு டிக்கெட் படித்தபின் இன்டர்வியூவுக்குப் போங்கள். ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் எல்1-ல் உட்காராதீர்கள், உடம்பும் கெடும், கையும் துருப்பிடிக்கும்.

லேப் போடப் பணமில்லை.
– வாசகர், விழுப்புரம்

கம்ப்யூட்டரிலேயே ரவுட்டர், சுவிட்ச் வைத்துப் பழகும் சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் இலவசம். சி.சி.என்.ஏ.க்கு அதுவே போதும். அதே மாதிரியான ஜி.என்.எஸ்.3-ம் இலவசம்தான், ஆனால் அதற்கு நல்ல ராம் வேண்டும். நிஜ சுவிட்சைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சிஸ்கோ 2960 கிடைக்கும். லேப்டாப்பை அதில் நேராக மாட்டி, கன்சோலில் பூட் ஆவதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வாங்கியதும் முதல் வேலை கான்ஃபிக் பேக்கப், லேபிள்.

எல்லாம் கிளவுடுக்குப் போகிறது. இனி நெட்வொர்க் ஆட்களுக்கு வேலை இருக்குமா?
– வாசகர், திருச்சி

கிளவுடிலும் சப்நெட் உண்டு, ரவுட் டேபிள் உண்டு, ஃபயர்வால் விதி உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் சொந்த பேக்போனையே அறுத்துவிட்டது. தளத்தின் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சர்வர்களுக்கு எப்படிப் போவது என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பி.ஜி.பி. வழிகள் உலகத்திலிருந்து மறைந்துவிட்டன. வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாமல் டேட்டா சென்டருக்கே ஆள் போய்ச் சரிசெய்தார்கள். அந்த ஆளாகத் தயாராகுங்கள். கூடவே பைத்தான் மொழியும், பல சாதனங்களுக்கு ஒரேயடியாகக் கட்டளை கொடுக்கும் ஆன்சிபிளும் கற்றுக்கொள்ளுங்கள், ஐம்பது சுவிட்சுக்கு ஒவ்வொன்றாகக் கட்டளை அடிக்கும் காலம் போய்விட்டது.

ஃபயர்வால் லாக் (பதிவுகள்) எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், ஓசூர்

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சி.இ.ஆர்.டி.-இன் (CERT-In) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள். ஊடுருவல் போன்ற சம்பவம் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லாச் சாதனத்திலும் என்.டி.பி. (கடிகாரங்களை ஒன்றாக ஓடவைக்கும் முறை) நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நேரம் தப்பாக ஓடும் ஃபயர்வாலில் 180 நாள் லாக் இருந்தும், எந்த மெஷினில் எப்போது என்ன நடந்தது என்று கோக்க முடியாது.