மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை!

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் ஆஃபீஸ் 2016-உடன் வந்த அவுட்லுக் என்ற மெயில் மென்பொருள் இருக்கிறது, ஜிமெயில் கணக்கு. போன வாரத்திலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது. சரியான பாஸ்வேர்டைத்தான் போடுகிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது. பில் ஒன்றும் அனுப்ப முடியவில்லை. சர்வீஸுக்கு வந்தவர், "இந்த ஆஃபீஸ் காலாவதியாகிவிட்டது, புதிது வாங்கினால்தான் மெயில் போகும்" என்று ஒன்பதாயிரம் ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். போன வாரம் உங்கள் வீட்டிலோ கடையிலோ யாராவது ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினார்களா? பெரும்பாலும் மகனோ மகளோ "பாதுகாப்புக்காக" மாற்றிவிட்டு நம்மிடம் புதியதைச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அந்தப் புதியதைத்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள். சிக்கலே அதில்தான்.

2022 மே 30-க்குப் பிறகு, சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டை இதுபோன்ற பழைய மென்பொருள்களிலிருந்து கூகுள் ஏற்பதில்லை. உங்கள் அவுட்லுக் இவ்வளவு நாள் ஓடியது என்றால், யாரோ ஒருவர் அப்போதே 'ஆப் பாஸ்வேர்டு' என்ற தனிச் சாவி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். 16 எழுத்துகள் கொண்டது அது. கணக்கின் பிரதான பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் அந்த நிமிடமே ரத்தாகிவிடும். இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிரவுசரில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதியும் கேட்பது) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்டு கிடைக்காது. பிறகு மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஆப் பாஸ்வேர்டு என்று தேடி, 'கடை அவுட்லுக்' என்பது போல ஒரு பெயர் கொடுங்கள். நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்துகள் காட்டும். ஒரே ஒரு முறைதான் காட்டும். அதை இடைவெளி இல்லாமல் அவுட்லுக் கேட்கும் பெட்டியில் போட்டு, நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள். நிதானமாகச் செய்தாலும் பத்து நிமிடம். செலவு ஒன்றும் இல்லை.

சர்வீஸ்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆஃபீஸ் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்பதுதான் அதன் அர்த்தம். மறுநாளே மெயில் நின்றுவிடும் என்பதல்ல. என்றைக்காவது மாறத்தான் வேண்டும். அதற்கு முன் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். இலவசம். ஜிமெயிலைச் சேர்க்கும்போது கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தையே திறந்து காட்டும், ஆப் பாஸ்வேர்டு வேலையே இல்லை. எக்செல் தேவைப்படுகிறவர் ஆஃபீஸுக்குப் பணம் கொடுப்பது நியாயம். மெயில் அனுப்ப மட்டும் ஒன்பதாயிரம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன். சொந்த டொமைன் முகவரி (அலுவலகப் பெயரிலேயே முடியும் மெயில்), தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறோம். இன்டர்நெட் கம்பெனியை மாற்றினோம். அன்றிலிருந்து மெயில் எல்லாம் ஒழுங்காக வருகிறது, ஒன்றுகூடப் போகவில்லை. புது கம்பெனியைக் கேட்டால் "நெட் வருதில்ல சார், எங்க பக்கம் பிரச்சினை இல்லை" என்கிறார்கள். கனெக்‌ஷனை ரத்து செய்யலாமா?

பதில்: எந்த போர்ட் நம்பரில், அதாவது சர்வரின் எந்த வாசல் வழியாக, அனுப்புகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். தபால்காரர் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது ஒரு வேலை, நாம் தபாலாபீஸ் போய்க் கடிதம் போடுவது வேறு வேலை. மெயிலிலும் அப்படித்தான்: வருவதற்கு ஒரு சர்வர், போவதற்கு எஸ்எம்டிபி என்ற இன்னொரு சர்வர். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளைத் திறந்தால் இடப்பக்கப் பட்டியலின் கடைசியில், எல்லாக் கணக்குகளுக்கும் கீழே, போகும் சர்வர் தனியாக உட்கார்ந்திருக்கும். பலர் அதுவரை இறங்கிப் பார்ப்பதே இல்லை.

அதில் போர்ட் 25 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள் அந்த வழியாகத்தான் ஸ்பேம் மெயில்களை அள்ளி வீசும் என்பதால், இணைய நிறுவனங்கள் பல 25-ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. பழைய கம்பெனி அடைக்கவில்லை, புதியது அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களைப் போன்ற பயனாளர்கள் அனுப்புவதற்கென்றே 1998-இல் ஒதுக்கப்பட்டது 587. அதைப் போட்டு, பாதுகாப்பு என்ற இடத்தில் ஸ்டார்ட்-டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள். அதுவும் போகவில்லை என்றால் 465, அதற்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். கூடவே பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்ட் வரும் மெயிலுக்கு ஒன்று, போகும் மெயிலுக்கு ஒன்று என்று பாஸ்வேர்டைத் தனித்தனியாகச் சேமிக்கும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துபோவது வாடிக்கை.

இதற்காகக் கனெக்‌ஷனை ரத்து செய்ய வேண்டாம். ஆனால் 'எங்க பக்கம் பிரச்சினை இல்லை' என்று சொன்னவர், '25 அடைத்திருக்கிறோம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்கிறார்கள். 22 எம்பி டிசைன் ஃபைலை அவுட்லுக் மறுக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். ஜிமெயிலின் எல்லை 25. ஆனால் இதுபோன்ற கணக்குகளுக்கு அவுட்லுக் தானாகவே 20 எம்பி என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து அனுப்பினால் போய்விடும்.

சொந்த டொமைன் மெயில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இணைப்பு ஃபைல் மெயிலில் ஏறும்போது எழுத்துகளாக மாற்றப்படுகிறது. 3 பைட் 4 ஆகிறது. அதனால் சர்வரின் எல்லை 10 எம்பி என்றால் 9 எம்பி ஃபைல் போகாது, ஏழரைக்குள்தான் வேலை நடக்கும். சர்வரிடமிருந்து 552 என்று தொடங்கும் பதில் வந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான். கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

ஒரு பெரிய மெயில் அவுட்பாக்ஸில் சிக்கிக்கொண்டு பின்னால் வரும் மெயில்களையும் மறித்தால், அவுட்லுக்கில் ஆஃப்லைன் வேலை முறைக்குப் போய், அந்த மெயிலை அழித்துவிட்டு, மறுபடி ஆன்லைன் வாருங்கள்.

கேள்வி: அச்சகத்தில் பழைய கம்ப்யூட்டர். காலையில் முதல் மெயில் போகாது, சான்றிதழ் சரியில்லை என்று ஏதோ வரும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: நாளைக் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். 2015 என்றோ 2009 என்றோ காட்டும் என்று நினைக்கிறேன். சர்வர் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்குச் செல்லுபடியாகும் தேதி உண்டு. உங்கள் கடிகாரம் பத்து வருடம் பின்னால் இருந்தால், இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று மென்பொருள் மறுத்துவிடும். பிறகு இணையத்திலிருந்து நேரம் சரியானதும் மெயில் போகிறது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. சிஆர்2032 என்று கேட்டால் எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். ஆன்டிவைரஸ் இதற்கு மருந்தில்லை.

கேள்வி: மெயில் போகவில்லை என்று இணையத்தில் 'ஜிமெயில் கஸ்டமர் கேர்' எண் தேடி அழைத்தேன். ஒருவர் ஏதோ ஆப் ஒன்றைப் போடச் சொல்லி என் கம்ப்யூட்டரை அங்கிருந்தே திறந்து பார்த்தார். சர்வர் கட்டணம் என்று யுபிஐயில் 4,999 ரூபாய் வாங்கினார். மெயில் இன்னும் போகவில்லை. யாரிடம் புகார் செய்வது?

பதில்: இது சேவைக் குறைபாடு இல்லை, மோசடி. நுகர்வோர் உதவி எண் 1915 இதற்குப் பயன்படாது. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. அப்படியே உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், நீங்கள் அழைத்த எண், ஸ்கிரீன்ஷாட்டுகள் எதையும் அழிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியும்போது இவை கேட்கப்படும்.

அந்த ஆப்பை நீக்குங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் நெட்பேங்கிங் செய்திருந்தால், வேறொரு ஃபோனிலிருந்து அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றியதும் அவுட்லுக் மறுபடி பாஸ்வேர்டு கேட்டு அடம்பிடிக்கும். மறுபடி எந்த எண்ணையும் தேடி அழைக்க வேண்டாம், ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.