சிசிஎஸ்பி தேர்வை இப்போதே எழுதலாமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். கடைசி ஒன்றரை ஆண்டாக எங்கள் சர்வர்களை அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மாற்றும் வேலை. கிளவுட் செக்யூரிட்டி பக்கம் போக ஆசை. நேராக சிசிஎஸ்பி என்ற கிளவுட் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாமா?

பதில்: எழுதத் தடையில்லை. ஆனால் தேறியதுமே சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. தேர்வை நடத்தும் ஐஎஸ்சி2 அமைப்பு ஐந்து ஆண்டு ஐடி அனுபவம் கேட்கிறது. அதில் மூன்று ஆண்டு பாதுகாப்புப் பணியாகவும், ஓராண்டாவது சிசிஎஸ்பி பாடத்திட்டத்தின் ஆறு பிரிவுகளில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். அது நிரம்பும்வரை நீங்கள் 'அசோசியேட்'தான். நிரப்ப ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதே அமைப்பின் பொதுப் பாதுகாப்புச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கே தேவையில்லை.

பதவிப் பெயர் சிஸ்டம் அட்மின் என்பதற்காகத் தயங்காதீர்கள். அணுகல் உரிமைகளை நிர்வகித்தது, ஃபயர்வால் விதிகள் எழுதியது, லாக் பதிவுகளைப் பார்த்தது என்று செய்த வேலையைத் தேதியோடு இன்றே எழுதி வையுங்கள். பிறகு உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு முதலில் அமேசானே நடத்தும் ஏடபிள்யூஎஸ் செக்யூரிட்டி ஸ்பெஷாலிட்டி தேர்வுதான் சரி. கட்டணம் 300 டாலர், சிசிஎஸ்பிக்கு 599. அனுபவச் சான்றும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் விட, படிப்பது மறுநாளே அலுவலக வேலையில் கைகொடுக்கும். 1000-க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. மூன்று ஆண்டு செல்லும்.

படிக்கும்போது சேவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்ததைப் பிரித்துப் படியுங்கள். தவறாக அமைக்கப்பட்ட ஒரு வெப் ஃபயர்வால். அதை ஏமாற்றி, சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் மெட்டாடேட்டா முகவரியிலிருந்து தற்காலிகச் சாவிகளை வாங்கிவிட்டார் ஊடுருவியவர். அந்தச் சாவிக்குரிய ரோலுக்கு (அனுமதிகளின் தொகுப்பு), கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் படிக்கவும் அனுமதி இருந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அந்த ஃபயர்வால் ரோலுக்கு எஸ்3 அனுமதி எதற்கு? அதே ஆண்டு நவம்பரில் அமேசான் கொண்டுவந்த ஐஎம்டிஎஸ்வி2 (அந்த மெட்டாடேட்டா சேவையின் புதிய பதிப்பு) இந்த வழியில் எந்த இடத்தை இறுக்குகிறது? இவற்றுக்குப் பார்க்காமல் பதில் சொல்ல முடிந்தால், பாடத்திட்டத்தின் பெரும்பகுதி உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

அப்புறம், 'டம்ப்' என்று விற்கிற, கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்வார்கள். ரத்தாகாவிட்டாலும், நேர்முகத்தில் யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் ஒரு ஐஏஎம் பாலிசியை முன்னால் வைத்து "இதில் என்ன கோளாறு?" என்று கேட்டால் திணறிவிடுவீர்கள்.

பயிற்சிக்கு அலுவலகக் கணக்கு வேண்டாம். சொந்தமாக ஒரு ஏடபிள்யூஎஸ் கணக்கு தொடங்குங்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனருக்கு எம்எஃப்ஏ (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பு) போட்டுவிட்டு, முதல் நாளே பட்ஜெட் எச்சரிக்கையும் வையுங்கள். அந்த எச்சரிக்கை மெயில்தான் அனுப்பும், செலவைத் தானாக நிறுத்தாது. அதனால் ஒவ்வொரு முறையும் உருவாக்கியதை எல்லாம் அழித்துவிட்டே எழுந்திருங்கள்.